பழவங்காடியில் சரியாத மணிக்கூண்டு

கோபத்தில் எடுத்த படம் உருப்படாது என்று, காமிராவும் கையுமாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை இன்றோடு மறந்துவிடுங்கள். பத்திரிகைக்குப் படம் பிடிக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இந்தத் தொழிலில் மனசாரச் செய்தது ஒன்றைச் சொல் என்றால், கோபத்தில் செய்ததைத்தான் சொல்வேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

நடந்தது திருவனந்தபுரத்தில், யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். அப்போது ஊருக்கு ஊர் புது மாதிரிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கூரையில் ஓடு கிடையாது, சுவரில் சிற்ப வேலை கிடையாது. கம்பியும் சிமெண்டும் போட்டு மூலைகளை வளைத்து, கப்பலில் இருப்பதுபோல் வட்ட ஜன்னல் வைத்து, மொட்டை மாடியோடு நிறுத்திவிடுவார்கள். எங்கள் வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு இதில் பெரிய மோகம். "ஒரு ஊர் விடாம சுத்திப் புடிச்சிட்டு வாய்யா, வாரம் ஒண்ணு போடலாம்" என்று என்னை அனுப்பிவிட்டார்.

என்னிடம் இருந்தது பெட்டிக் காமிரா. உங்களுடையதைப்போல் திருகவும் முறுக்கவும் அதில் ஒன்றும் கிடையாது. வயிற்றோடு வைத்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து, விசையைத் தட்ட வேண்டியதுதான். பஸ்ஸிலும் ரயிலிலும் அலைகிறவனுக்கு அது போதும். ஒரே ஒரு தொந்தரவு உண்டு. உயரமான கட்டடத்தின் உச்சி படத்தில் விழ வேண்டுமானால் பெட்டியை அண்ணாந்து பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் நெட்டுக் கோடுகளெல்லாம் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாயும். இடது ஓரத்துச் சுவர் வலப்பக்கம் சாயும், வலது ஓரத்துச் சுவர் இடப்பக்கம் சாயும். படத்தை முழுசாகப் பார்த்தால் இது உறுத்தாது. நாம் கீழே நின்று உயரத்தைப் பார்க்கிறோம் என்று கண்ணே புரிந்துகொள்ளும். ஓர் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தால்தான் வில்லங்கம்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வியாபாரிகள் சங்கம் ஒன்று மண்டபம் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து கடை வைத்தவர்களின் சங்கம். நீளமான மண்டபம், அதன் வலது கோடியில் ஒரு மணிக்கூண்டு. சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. மூலைகள் மழுங்கி, அலங்காரம் என்று ஒரு பூக்கூட இல்லாமல் விறுவிறுவென்று மேலே போகும். எனக்கு ஒரே பார்வையில் பிடித்துப்போயிற்று. ஊர்க்காரர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. ஓடு போடாத கட்டடம் இந்த ஊர் மழைக்கு நிற்குமா என்று பேச்சு.

அந்த வேலையை நின்று பார்த்தவர் ஓர் ஓவர்சியர். ஸ்ரீவராகத்து அக்கிரகார மனிதர். அங்கே வழக்கப்படி எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் போனபோது வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"நன்னா நிமிர்ந்து நிக்கறான் பார்த்தேளோ?" என்றார், யாரோ பையனைக் காட்டுவதுபோல. "ஒரு நூல் பிசகில்லை. தீர்ச்சையா, நிச்சயமா சொல்றேன், எந்த ஊர் எஞ்சினீயரை வேணும்னாலும் கூட்டிண்டு வாங்கோ."

எதிர்க் கடையின் மாடியில் ஏறி நேராக ஒரு படம் எடுத்தேன். தெருவில் நின்று அண்ணாந்து இன்னொன்று எடுத்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்த கூட்டத்தில் பின்னால் நகர இடம் இல்லை. இரண்டையும் அனுப்பினேன். தெருவிலிருந்து எடுத்ததன் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'முழுசாகப் போடவும். வெட்ட வேண்டாம்.' அப்புறம் பொன்முடிக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் புதுத் தொழிற்சாலை கட்டியிருந்தார்கள்.

அங்கே இருந்தபோதுதான் பத்திரிகை வந்தது. தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் நம் பக்கத்து ஆள், அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், இது நீங்க எடுத்ததுதானே? இந்த மணிக்கூண்டு விழப் போகுதாமே! ஓவர்சியரை வேலையவிட்டு நிறுத்திட்டாங்களாம். நேத்து பஸ்ல வந்தவன் சொன்னான்."

வாங்கிப் பார்த்தேன்.  தெருவிலிருந்து எடுத்த படத்தையே எடுத்து, மண்டபம் முழுவதையும் கத்தரித்து எறிந்துவிட்டு, வலது ஓரத்து மணிக்கூண்டை மட்டும் ஒரு பத்தி அகலத்துக்குப் போட்டிருந்தார்கள். கள்ளுக் குடித்தவன் சுவரைத் தேடுகிற மாதிரி அது இடது பக்கம் சாய்ந்து நின்றது. போதாக்குறைக்குக் கீழே ஒரு வரி: 'காற்றில் ஆடும் புதுமை அழகு!' எந்தக் காற்று? எங்கே ஆடிற்று? மெட்ராஸில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்த ஆசிரியருக்கு அதை எழுத எப்படிக் கை வந்தது?

மலையிலிருந்து பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. தேயிலை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு இறங்கினேன்.

சாமியை மணிக்கூண்டுக்கு எதிரே தெருவில் பார்த்தேன். உள்ளே விடவில்லை. சாவியை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். மேல் இரண்டு அடுக்கையும் இடித்துவிடுவது என்று சங்கத்தில் பேசியிருந்தார்கள். இடித்துவிட்டால் சாமி கட்டியது சரிந்தது என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அந்த ஊரில் ஒரு மாட்டுக்கொட்டில் கட்டக்கூட யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

"நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவர் நேரா இருக்கான்னு பார்க்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"போட்டேனே! இதோ இந்த இடத்துல நின்னு, நூலைக் கையில தூக்கிப் பிடிச்சு, சுவர் ஓரத்தோட சேர்த்துக் காட்டினேன். கமிட்டிக்காரா அத்தனை பேரும் பக்கத்துலதான் நின்னா. நூலும் சுவரும் ஒண்ணாத்தான் நிக்கறது. அவா என்ன பறைஞ்சா தெரியுமோ? குத்தம் சாட்டப்பட்டவனே குண்டைப் பிடிச்சா அது எப்படிச் செல்லும்னு சொல்லிட்டா."

"வேறு யாரையாவது குண்டைப் பிடிக்கச் சொல்வதுதானே?"

"பம்பாய்லேர்ந்து பிளான் போட்ட எஞ்சினீயர் வரணுமாம். எப்போ வருவார்னு கேட்டா, யாருக்கும் நிச்சயமாத் தெரியலை. ஆத்துல அடுப்பு எரியறது சார், ஆனா யாரும் பேசறதில்லை."

சங்கத் தலைவர் நாஞ்சில் நாட்டுக்காரர், பெரிய அரிசி வியாபாரி. ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. தெருவுக்கு எதிர்ப்புறம் கமிட்டி கூடியிருந்த அறைக்கு நேரே போனேன். மேஜை மேல் பத்திரிகை விரித்துக் கிடந்தது. அதற்குப் பின்னால் ஜன்னல். அந்த ஜன்னலில், வெட்ட வெளிச்சத்தில், சாட்சாத் மணிக்கூண்டு. ஒருவரும் திரும்பவில்லை. பத்திரிகையைக் கைமாற்றிக் கைமாற்றி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் திரும்பி ஜன்னல் வழியா பாருங்க" என்றேன்.

"அதைத் தெனமும் பாக்கத்தானே செய்யுகேன்? பாத்துப் பாத்துக் கண்ணு பழகிப்போச்சு வேய். அதனாலல்லா இத்தன நாளும் தெரியாமப் போச்சு. படத்துல வந்த பொறவுதான் வெவரம் தெரியுது."

 முழுப் படத்தையும் எடுத்து வைத்தேன். கத்தரித்த இடத்தைக் காட்டினேன். மண்டபத்தின் அந்த ஓரம் இந்தப் பக்கமும், இந்த ஓரம் அந்தப் பக்கமும் சாய்வதைக் காட்டினேன்.

"அப்போ ரெண்டு பக்கமும்லா சரிஞ்சிருக்கு!" என்றார் கமிட்டியில் ஒருவர், பதறிப்போய்.

"பத்திரிகைக்காரன் ஒண்ணும் இல்லாம அச்சுல போடுவானா தம்பி? நீரு சின்னப் பிள்ள, உமக்கு ஓவர்சியர் மேல எரக்கம். அது நல்ல கொணம். கொள்ளாம். ஆனா கெட்டிடம் தலையில விழுந்தா ஆரு பதில் சொல்லுகது?" என்று முடித்துவிட்டார் தலைவர்.

வெளியே வந்தபோது எனக்குள் இருந்ததெல்லாம் ஆத்திரம்தான். அந்த ஆத்திரத்தோடு கிழக்கேகோட்டைக்குள் போய், பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தைப் படத்தின் ஓரத்தில் வைத்து, பெட்டியை நன்றாக அண்ணாந்து பிடித்து எடுத்தேன். ஸ்டூடியோவில் கழுவி வாங்கி, பத்திரிகையில் செய்ததுபோலவே ஓரத்தை மட்டும் வெட்டினேன். மறுநாள் அதைத் தலைவர் முன்னால் வைத்தேன்.

"இதுவும் சரிந்துதான் இருக்கிறது அண்ணாச்சி. இதைக் கட்டியவரையும் வேலையைவிட்டு நிறுத்திவிடலாமா?"

இதைவிடத் தெளிவாக யாராலும் நிரூபிக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். தலைவர் படத்தைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். முகம் ரத்தமாகச் சிவந்தது.

"பப்பநாப சாமி கோபுரத்தையா சரிச்சுக் காட்டுகீரு? ஏ, நீரு மனுசந்தானா வேய்? எளும்பும்! மொதல்ல வெளிய போவும்!"

கமிட்டி முழுவதும் எழுந்துவிட்டது. வாசல்வரை என்னைக் கொண்டுவந்து விட்டார்கள், கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. செய்தி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. சாமி ஓடிவந்தார்.

"எதுக்கு சார் கோபுரத்தைத் தொட்டேள்? இதுவரைக்கும் சங்கத்துக்கு மட்டுந்தான் ஆகாதவனா இருந்தேன். இப்போ பெருமாளுக்கும் ஆகாதவனாயிட்டேன்."

இதை உங்களுக்குச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் காட்டியது சரி. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. ஆனால் சரியானதைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தேனே, அதுதான் தப்புக் கணக்கு. அடுத்தவன் கட்டடம் சாய்ந்தால் எவனுக்கும் பதறாது. கடவுள் கோபுரம் சாய்ந்தால், சாய்த்தவன் மேல் கோபம் வரும். தன் வீடு சாய்ந்தால் மட்டும்தான் மனுஷன் எழுந்து போய்ப் பார்ப்பான்.

தலைவர் கரமனையில் வீடு கட்டிப் புதுசாகக் குடிபோயிருந்தார். அதுவும் அதே மாதிரிதான்: வளைந்த மாடி முகப்பு, வட்ட ஜன்னல், மொட்டை மாடி. மணிக்கூண்டைப் பழித்தவர்கள் வாயிலேயே அந்த வீட்டுக்குப் புகழ். இரண்டு நாள் கோபம் தணிய விட்டுவிட்டுப் போனேன். வாசலிலேயே அபசாரத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். மனசார இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"உங்க வீட்டைப் பத்திரிகையில போடணும் அண்ணாச்சி. ஆனா என் கை ராசி உங்களுக்குத் தெரியும். நீங்களே எடுங்க. இந்த விசையைத் தட்டினா போதும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானா? எனக்கு என்ன மக்கா தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கையில் வாங்கினார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியில் குனிந்து பார்த்தார். "மாடி உச்சி தெரியல்லியே" என்றார். "கொஞ்சம் அண்ணாந்து பிடிங்க" என்றேன். பிடித்தார். தட்டினார். குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார்.

படத்தைக் கழுவி, வலது ஓரத்து மாடி முகப்பை மட்டும் வெட்டி, கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். 

பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று வாசலுக்கு ஓடி வீட்டை அண்ணாந்து பார்த்தார். கவனியுங்கள், இந்தத் தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்!

"பிள்ளைகள எல்லாம் வெளிய வரச் சொல்லு!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். "ஏ, ஆரங்க? காரை எடுத்துக்கிட்டுப் போய் அந்த ஓவர்சியர் சாமியக் கூட்டியா! தூக்குக்குண்டோட வரச் சொல்லு!"

வேறு எஞ்சினீயரை அழைக்கவில்லை. பம்பாய்க்கு எழுதவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் கைக் குண்டு செல்லாது என்றவருக்கு, தன் வீடு என்றதும் அந்தக் குண்டு செல்லுபடியாயிற்று.  நானும் வாசலில் சாமிக்காகக் காத்து நின்றேன்.

சாமி வந்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. மாடியில் ஏறி நூலை இறக்கினார். குண்டு ஆடி ஆடி நின்றது. சுவருக்கும் நூலுக்கும் மேலே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவே கீழேயும்.

"ஷரியா இருக்கு" என்றார்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "தப்பிச்சோம்! சாமிக்கு ஒரு காப்பி கொண்டா!" என்றார்.

அவ்வளவுதான். காப்பி வந்தது. மனிதர் மணிக்கூண்டைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, உங்க வீடு படத்துல சரிஞ்சிருக்கு, நேர்ல சரியா இருக்கு. படத்தை எடுத்தது நீங்க. குண்டைப் போட்டது இவர். இனி மணிக்கூண்டைப் பத்தி நான் ஏதாவது சொல்லணுமா? உங்க வீட்டுக்கு ஒரு நாழிகையில ஆள் விட்டீங்களே, இவர் வயித்துல அடிச்சப்ப ஏன் விடல?"

ரொம்ப உரக்கக் கேட்டுவிட்டேன்போல. வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தலைவர் வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளை விரட்டிவிட்டு வந்தார்.  பிறகு, "நாளைக்கு சங்கத்துக்கு வாரும் சாமி, உத்தரவு போட்டிருதேன்" என்றார்.

மறுநாள் சங்கத்து அறையில் உத்தரவு கைக்கு வந்தது. சாமி வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'மேற்படி ஓவர்சியரின் குடும்ப நிலையைக் கருதி, அவரது கவனக்குறைவை இந்த ஒரு தடவை மன்னித்து, மீண்டும் வேலையில் சேர அனுமதிக்கிறோம்.' மன்னிப்பு! செய்யாத குற்றத்துக்கு! தப்புச் செய்தவர்கள் உட்கார்ந்து, செய்யாதவனுக்குக் கருணை காட்டுகிறார்கள். அந்தக் காகிதத்தைக் கிழித்துத் தலைவர் முகத்தில் எறிய எனக்குக் கை துடித்தது.

சாமிக்குத் துடிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்து மேஜை மேலேயே வைத்தார். கையெழுத்துப் போடவில்லை.

"சாவியைத் தாங்கோ" என்றார்.

கொடுத்தார்கள். மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கட்டையை வெளியே நீட்டி வைத்து, அதிலிருந்து நூலைத் தெருவரைக்கும் இறக்கினார். பழவங்காடி சந்திப்பு அப்படியே நின்றுவிட்டது. தேங்காய் உடைக்க வந்தவர்கள், கடைக்காரர்கள், ஜட்காக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். குண்டு ஆட்டம் நிற்கிறவரைக்கும் யாரும் நகரவில்லை. நின்ற பிறகு ஒரு கடைக்காரர் போய்ச் சுவருக்கும் நூலுக்கும் நடுவே நாலு விரலை வைத்துப் பார்த்தார்; கச்சிதமாக இருந்தது. அப்புறம் எல்லோரும் வைத்துப் பார்த்தார்கள்.

சாமி இறங்கி வந்தார். நூலை எடுக்கவில்லை.

"அதை எடுத்திரும் சாமி, ஊரு சிரிக்குது" என்று தலைவர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"நீங்கோ எழுதினதை எடுங்கோ, நானும் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்ரீவராகத்துக்கு நடந்துபோய்விட்டார்.

நூல் அங்கேயே தொங்கியது. வருகிறவன் போகிறவனெல்லாம் கை வைத்துப் பார்த்தான். கடைசியில் தலைவரே புது உத்தரவோடு ஸ்ரீவராகம் போனார். அதில் மன்னிப்பு இல்லை, கருணை இல்லை. தவறுதலாக நிறுத்திவிட்டோம் என்று இருந்தது. அதற்குத்தான் சாமி கையெழுத்துப் போட்டார். சாமிக்கு வேலையும் பெயரும் திரும்பின. எனக்கு அந்தத் தலைவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்று போயிற்று.

மீதிக் கதையைக் கேளுங்கள். நூல் தொங்கும்போதே நான் எதிர் மாடியிலிருந்து நேராக ஒரு படம் எடுத்திருந்தேன். மணிக்கூண்டும் நூலும் ஒட்டினாற்போல், கீழே அத்தனை முகங்களும் அண்ணாந்தபடி. என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. அதைக் கொண்டுபோய் ஆசிரியர் மேஜையில் வைத்து, "போன தடவை வெட்டியதற்குப் பதில் இதை முழுசாகப் போடுங்கள்" என்றேன்.

அவர் பார்த்தார். "கட்டடம் நேரா நிக்குது. இதுல என்னய்யா சேதி இருக்கு?" என்றார்.

அன்றே அந்தப் பத்திரிகையைவிட்டு வெளியே வந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு வேலை கிடைக்கத் திண்டாடிப்போனேன். நீங்கள் வெளியே வர வேண்டாம். உங்கள் படத்தில் கத்தரி விழும்போது பக்கத்தில் நின்று சண்டை போடுங்கள், அது போதும். அந்தக் கத்தரியில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கும். வெட்டுகிறவனுக்கு அது தெரியாது. எடுத்தவனுக்குத் தெரியும்.

சில வருஷங்கள் கழித்து மணியாச்சியில் ரயில் மாறக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். திருவனந்தபுரம் என்றேன்.

"அங்கன ஒரு சங்கத்து மணிக்கூண்டு சரிஞ்சு நின்னுச்சே, இடிச்சிட்டாங்களா?"

"அது சரியவே இல்லை ஐயா. நூல் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம்கூடத் தெரிந்தது.

"பக்கத்துல நின்னா அதெல்லாம் தெரியாது தம்பி. நான் படத்துல பாத்திருக்கேன்" என்றார்.